ஆய்வகப் பாதுகாப்புக் குழுவுக்கு, கண்ணாடிக் குடுவை கழுவும் மேசையிலிருந்து ஒரு திறந்த மடல்

குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

போன வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட உங்கள் சுற்றறிக்கையில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. பாதரசக் கழிவைத் தனிப் பீப்பாயில் சேர்த்து அனுப்புவது நிறுத்தப்படுகிறது, "அளவு குறைவு என்பதால்" நிறையத் தண்ணீர் விட்டு சிங்கில் ஊற்றிவிடலாம் என்பது ஒன்று. நச்சு வேதிப்பொருள் பயிற்சி இனி ஆசிரியர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் மட்டும்தான், ஆய்வக உதவியாளர்களும் துப்புரவுப் பணியாளர்களும் "நேரடியாகக் கையாளாதவர்கள்" என்பதால் அவர்களுக்குத் தேவையில்லை என்பது இன்னொன்று.

நான் ஆய்வக உதவியாளர். பத்தொன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கரைசல் தயாரிப்பது, பாட்டிலில் ஊற்றி லேபிள் ஒட்டுவது, வகுப்பு முடிந்ததும் மிச்சத்தைச் சேர்ப்பது, குடுவைகளைக் கழுவிக் கவிழ்ப்பது எல்லாம் நான்தான். ஒரு மாணவர் மூன்று வருடப் படிப்பில், பாதரசத்தின் நச்சு உப்பான மெர்க்குரிக் குளோரைடு பாட்டிலை நாலைந்து தடவை தொட்டிருப்பார். நான் எத்தனை தடவை தொட்டேன் என்று எண்ணியதே இல்லை. அப்படிப்பட்ட என்னைத்தான் நீங்கள் நேரடியாகக் கையாளாதவள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

சரி, மூன்று மாதத்துக்கு முன்னால் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதன் அறிக்கை உங்கள் கோப்பில் இருக்கிறது, "வெள்ளைப் பொடி சிறிதளவு சிந்தியது, உடனே சுத்தம் செய்யப்பட்டது" என்று ஒரே வரியில். தராசு அறையில் மெர்க்குரிக் குளோரைடு பாட்டில் ஒன்று மேசை விளிம்பில் இடித்து உடைந்தது. 25 கிராம் பாட்டில், முக்கால்வாசி நிறைந்திருந்தது. கை தவறியது ஒரு மாணவருக்கு, அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. மின்விசிறி சுழலும் தராசு அறையில், நச்சுக் காற்றை வெளியே இழுக்கும் கூண்டு (ஃபியூம் ஹூட்) எதுவும் இல்லாத மேசையில், அந்தப் பொடியை எடைபோடச் சொன்னவர்கள் நாம்தான். நான் அப்போது பக்கத்து அறையில் இருந்தேன். வந்து பார்ப்பதற்குள் யாரோ துப்புரவு அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள், அவர் வெறுங்கையோடு, துடைப்பத்தால், காய்ந்த பொடியை அப்படியே பெருக்கிக்கொண்டிருந்தார். மின்விசிறியை நிறுத்தியது நான். எல்லோரையும் வெளியே போகச் சொன்னதும் நான். ஆனால் அதற்குள் பாதிப் பொடி முறத்தில் ஏறி, உடைந்த கண்ணாடியோடு சேர்ந்து, பொதுக் குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது.

பெருக்குவதில் என்ன தப்பு என்று அன்றைக்கே ஒருவர் கேட்டார். காய்ந்த பொடியைப் பெருக்கினால் அதில் நுண்ணிய பகுதி காற்றில் எழும். கனிமப் பாதரசத்துக்கு வேலையிடக் காற்றில் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக, ஒரு கன மீட்டருக்கு 0.025 மில்லிகிராம். அதாவது ஒரே ஒரு கிராம் பாதரசம் காற்றில் பரவினால் 40,000 கன மீட்டர் காற்றை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். சிந்தியது முழுவதும் பறந்துவிடாது, எனக்கும் தெரியும். ஆனால் தராசு அறை எவ்வளவு சிறியது என்பது உங்களுக்கும் தெரியும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஆட்களை வெளியேற்று, விசிறியை நிறுத்து, நைட்ரைல் கையுறையும் துகள் வடிகட்டும் முகக்கவசமும் போடு, ஈரத் தாளால் ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக ஒற்றி எடு, தாளையும் கையுறையையும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பாதரசக் கழிவு என்று எழுது. துடைப்பமும் கூடாது, சாதாரண வேக்குவம் கிளீனரும் கூடாது. இதைச் சொல்லித்தர ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்குத் தேவையில்லை என்கிறீர்கள்.

இரண்டு நாள் கழித்து நான் தராசு மேசையைத் துடைக்கப் போனேன். மேசை விளிம்பில் ஒரு அலுமினியப் பட்டை உண்டு. அதன் கீறல்களிலிருந்து வெள்ளையாக, மெல்லிசாக, முடி முளைத்ததுபோல் ஏதோ எழுந்து நின்றது. தொட்டால் உதிர்ந்தது, மறுநாள் மறுபடி வளர்ந்தது. வேதியியல் படித்தவர்கள் நீங்கள், அது என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது, அதுதான் அதைக் காப்பாற்றுகிறது. ஈரத்தோடு மெர்க்குரிக் குளோரைடு கீறலுக்குள் போனால் அலுமினியம் அதைப் பாதரச உலோகமாக மாற்றி, அந்தப் பாதரசத்தோடு கலந்து ரசக்கலவை ஆகிவிடும். அதன்மேல் படலம் ஒட்டி நிற்காது, உலோகம் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்துகொண்டே பஞ்சாக வெளியே தள்ளும். "உடனே சுத்தம் செய்யப்பட்டது" என்ற அறிக்கைக்கு அந்த மேசையே எழுதிய மறுப்பு அது. படம் எடுத்துத் துறை அலுவலகத்தில் கொடுத்தேன். பட்டையை மாற்றிவிட்டார்கள். அறிக்கையை மாற்றவில்லை.

அந்த அக்காவுக்கு மூன்றாம் நாள் வாயில் உலோகத்தை நக்கினதுபோல ஒரு சுவை, ஈறு வலி, வயிற்றுப் பிடிப்பு. மருத்துவர் என்ன வேதிப்பொருள் என்று கேட்டாராம், "வெள்ளைப் பொடி" என்று சொல்லியிருக்கிறார். வேறென்ன சொல்வார், யாரும் அவரிடம் பெயரைச் சொல்லவே இல்லையே. பொருளின் பாதுகாப்புத் தரவுத்தாளை ஒரு பிரதி எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் மருத்துவர் சிறுநீரில் பாதரசம் பார்த்திருப்பார், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்திருப்பார். நான் போய்க் கேட்டபோது "அதெல்லாம் பெரிதுபடுத்த வேண்டாம்" என்ற பதில்தான் வந்தது. எட்டு நாளில் அவருக்குச் சரியாகிவிட்டது. பாதரசத்தால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. பாதரசத்தால் இல்லை என்று நீங்களும் சொல்ல முடியாது, சோதனையே எடுக்கவில்லை.

இந்தப் பொடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதரசம் என்றதும் எல்லோரும் தரையில் உருளும் வெள்ளி மணிகளைத்தான் நினைக்கிறார்கள், அதைப் பார்த்தால் பயப்படவும் செய்கிறார்கள். மெர்க்குரிக் குளோரைடைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. உப்பு மாதிரி இருக்கிறது. 100 மில்லி தண்ணீரில் ஏறக்குறைய 7 கிராம் கரையும், கரைசலுக்கு நிறம் கிடையாது. ஒரு கிராம் வயிற்றுக்குள் போனாலே பெரியவர் ஒருவரின் உயிருக்கு ஆபத்து. குடலை அரித்துவிட்டு, அப்புறம் சிறுநீரகத்துக்குப் போய், அங்கே குழல்களின் செல்களில் உள்ள புரதங்களின் கந்தகத்தைப் பிடித்துக்கொள்கிறது. செல்கள் சாகின்றன, சிறுநீர் நின்றுபோகிறது. தோல் வழியாகவும் கொஞ்சம் உள்ளே போகும், குறிப்பாக வெடிப்போ புண்ணோ இருக்கும் கையில். நாள் முழுக்க சோப்பிலும் அமிலத்திலும் ஊறும் எங்கள் கைகளில் வெடிப்பு இல்லாத நாள் குறைவு.

சித்த மருத்துவ நூல்களில் இதற்கு வீரம் என்று பெயர், பூரம் என்பது இன்னொன்று. பூரம்தான் மெர்க்குரஸ் குளோரைடு, நாம் கலோமெல் என்கிறோம். இரண்டுமே வெள்ளை, இரண்டுமே பாதரசமும் குளோரினும்தான். ஆனால் கலோமெல் தண்ணீரில் கரைவதே அரிது. பழைய ஆட்கள் இரண்டுக்கும் ஒன்றோடொன்று குழம்பாத இரண்டு பெயர் வைத்தார்கள். நம் ஸ்டோரில் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பாட்டிலுக்கும் வித்தியாசம் 'ரஸ்', 'ரிக்' என்ற கடைசி அசை மட்டும், அதுவும் பாதி லேபிள் அமிலப் புகையில் அழிந்துவிட்டது. ஒரு காலத்தில் மெர்க்குரிக் குளோரைடைக் கிருமிநாசினியாக மாத்திரை வடிவில் விற்றார்கள், யாரும் தெரியாமல் விழுங்கிவிடக்கூடாது என்று அந்த மாத்திரையையே சவப்பெட்டி வடிவத்தில், நீலச் சாயம் போட்டுச் செய்தார்கள். எழுத்து தெரியாதவருக்கும் கையில் எடுத்தவுடனே புரியட்டும் என்ற அந்த அக்கறை எனக்குப் பிடித்திருக்கிறது. நான் லேபிள் மாற்றக் கேட்டு எழுதி ஒன்றரை வருடம் ஆகிறது.

இப்போது அந்தத் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். நம்மிடம் அதிகப் பாதரசக் கழிவு வருவது மெர்க்குரிக் குளோரைடிலிருந்து அல்ல, கழிவுநீர் ஆய்வில் சி.ஓ.டி. பார்க்கும்போது, அதாவது நீரிலுள்ள மாசை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று அளக்கும்போது. குளோரைடு குறுக்கிடாமல் இருக்க 50 மில்லி மாதிரிக்கு ஒரு கிராம் மெர்க்குரிக் சல்ஃபேட் போடுகிறோம். அந்த ஒரு கிராமில் பாதரசம் மட்டும் சுமார் 676 மில்லிகிராம். குடிநீரில் கனிமப் பாதரசத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.006 மில்லிகிராம். வகுத்துப் பாருங்கள். ஒரே ஒரு மாதிரியின் பாதரசத்தை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஒரு மாதிரிக்கு! சுற்றறிக்கையில் "நிறையத் தண்ணீர்" என்று எழுதியவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாரா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

அப்படியே ஊற்றினாலும் அது போய்விடாது. சிங்குக்குக் கீழே வளைகுழாயில் கொஞ்சம் தங்கும், குழாய் மாற்ற வரும் ஆள் அதில் கை வைப்பார். மிச்சம் சேற்றில் படியும், சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் மெர்க்குரி என்ற இன்னும் கொடிய நச்சாக்கும், அது சிறு மீனில் சேர்ந்து, பெரிய மீனில் பல மடங்காகி, கடைசியில் மனிதர் தட்டுக்கு வரும். ஜப்பானில் தொழிற்சாலைக் கழிவின் பாதரசம் மீன் வழியாக மக்களை நோயாளியாக்கிய மினமாட்டாவைப் பற்றி நம் துறையிலேயே வருடா வருடம் பாடம் நடக்கிறது. அங்கே அசிட்டால்டிஹைடு தயாரிக்கக் கிரியா ஊக்கியாகப் போட்டது நாம் சி.ஓ.டி.க்குப் போடுகிற அதே மெர்க்குரிக் சல்ஃபேட்தான். உலைக்குள்ளேயே ஒரு பகுதி மெத்தில் மெர்க்குரியாக மாறிக் கழிவுநீரோடு கடலுக்குப் போனது. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956 மே 1 அன்று. அந்தக் கழிவு நின்றது 1968இல். பன்னிரண்டு வருடம். நம் அளவு அதோடு ஒப்பிட்டால் தூசு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு ஆய்வகமும் தன் அளவு தூசு என்று நினைத்துக்கொண்டே ஊற்றினால் கணக்கு என்ன ஆகும்?

சேகரிப்பு நின்றதும் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முன்பு ஒரு முறை பீப்பாய் வராமல் தாமதமானபோது அது நடந்தது. ஆளாளுக்குக் கிடைத்த பாட்டிலில் ஊற்றுவார்கள். பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்த மிச்சத்தை ஒருவர் ஆல்கஹால் கழிவு பாட்டிலில் ஊற்றப் போனார், நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். பாதரசம், நைட்ரிக் அமிலம், எத்தனால் மூன்றும் சேர்ந்தால் மெர்க்குரி ஃபல்மினேட் உண்டாகலாம். வெடிமருந்துக்குத் தீ வைக்கும் டெட்டனேட்டரில் ஒரு காலத்தில் இருந்தது அதுதான். இன்னொருவர் சோடியம் சல்ஃபைடு போட்டால் பாதரசம் வீழ்படிவாகிவிடுமே என்றார். வேதியியல்படி சரிதான், ஆனால் சி.ஓ.டி. கழிவு முழுக்கக் கந்தக அமிலம். அதில் சல்ஃபைடு போட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு வரும், அறையில் நிற்பவர் வீழ்படிவைப் பார்க்க இருக்கமாட்டார். இதெல்லாம் எனக்கு யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லவில்லை. மேசையோரம் நின்று பேராசிரியர்கள் பேசுவதைக் கேட்டும், தரவுத்தாள்களைப் படித்தும் தெரிந்துகொண்டது. எனக்கு அடுத்து வருகிறவருக்கு அந்தப் பழக்கம் இருக்கும் என்று என்ன நிச்சயம்?

என்னை உண்மையிலேயே தூங்கவிடாத விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். ஸ்டோரின் பழைய இருப்புப் பட்டியலில் "டைமெத்தில் மெர்க்குரி, ஆம்பூல் 1" என்று ஒரு வரி இருக்கிறது. பாதரசச் சேர்மங்களிலேயே மிகக் கொடிய திரவங்களில் ஒன்று, மூடி உருக்கிய கண்ணாடிக் குப்பி ஒன்றில். மூலக்கூறின் அமைப்பைக் காந்தப்புலத்தால் ஆராயும் என்.எம்.ஆர். கருவிக்கு ஒப்பீட்டுப் பொருளாக எப்போதோ வாங்கியது. பயன்படுத்தியதாகக் குறிப்பு இல்லை, அழித்ததாகவும் குறிப்பு இல்லை. எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது.

1996 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற பேராசிரியர் இதே பொருளை, இதே என்.எம்.ஆர். வேலைக்காக, ஃபியூம் ஹூட்டுக்குள் வைத்து, கையுறை போட்டுக்கொண்டு எடுத்தார். ஒரு துளியோ இரண்டு துளியோ லேடெக்ஸ் கையுறைமேல் விழுந்தது. அவர் நச்சு உலோகங்களிலேயே நிபுணர், அப்போதைய விதிகளின்படி எதையும் தவறாகச் செய்யவில்லை. ஐந்து மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் நடை தடுமாறியது, பேச்சு குழறியது. இரத்தத்தில் லிட்டருக்கு 4,000 மைக்ரோகிராம் பாதரசம் இருந்தது, சாதாரணமாக இருப்பது ஒன்றிலிருந்து எட்டுக்குள். 1997 ஜூன் 8 அன்று இறந்தார், வயது 48. அதன் பிறகுதான் கையுறையைச் சோதித்தார்கள். 15 வினாடிக்குள் அந்தத் திரவம் லேடெக்ஸைக் கடந்து வந்துவிடுகிறது என்று தெரிந்தது. பல அடுக்கு லேமினேட் கையுறையை உள்ளேயும், நீண்ட கை வைத்த நியோப்ரீன் கையுறையை வெளியேயும் போட வேண்டும், முடிந்தால் அந்தப் பொருளைத் தொடவே வேண்டாம் என்பதுதான் அதற்குப் பிறகு வந்த அறிவுரை. நமக்கு ஸ்டோரில் தருவது இன்றைக்கும் லேடெக்ஸ்.

அவர் பெயரையாவது உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு 130 வருடத்துக்கு முன்பே, 1865–66இல், லண்டனில் ஒரு ஆய்வகத்தில் இதே டைமெத்தில் மெர்க்குரியால் இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டு பேருமே உதவியாளர்கள். உங்கள் சுற்றறிக்கையின் கணக்கில் நேரடியாகக் கையாளாதவர்கள்.

நீண்ட நாள் சிறிது சிறிதாகப் பாதரசம் ஏறினால் கை நடுங்கும், ஞாபகம் குறையும், காரணமில்லாமல் எரிச்சல் வரும் என்கிறார்கள். இந்த மடலில் எரிச்சல் தெரிந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது, பலகையில் ஒட்டியிருக்கிறது.

நான் கேட்பவை இவை.

சுற்றறிக்கையில் கழிவு பற்றிய பத்தியைத் திரும்பப் பெறுங்கள், இந்த மாத முடிவுக்குள். பீப்பாய்க்கான செலவுதான் காரணம் என்றால் கழிவைக் குறைக்க வழி இருக்கிறது. அமோனியாவை அளக்கப் பாதரசம் கலந்த நெஸ்லர் கரைசலுக்குப் பதிலாகச் சாலிசிலேட் முறை, கலோமெல் மின்முனைக்குப் பதிலாக வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனை, சி.ஓ.டி.யை 50 மில்லிக்குப் பதிலாகச் சிறு குப்பி முறையில். இளங்கலை வகுப்பில் மெர்க்குரிக் குளோரைடு போடும் சோதனை இன்னும் தேவையா என்று பாடத்திட்டம் வகுப்பவர்களிடம் கேளுங்கள். தேவை என்றால் பொடியாகக் கொடுக்காதீர்கள், ஃபியூம் ஹூட்டில் வைத்து நானே கரைசலாக்கித் தருகிறேன், மாணவர்கள் யாரும் எடைபோட வேண்டாம்.

பயிற்சியில் எங்களைச் சேருங்கள். துப்புரவுப் பணியாளர்களையும் சேருங்கள், ஒப்பந்தத்தில் வருகிறவர்கள் என்று விலக்காமல், அவர்களுக்குப் புரியும் தமிழில். கையுறை, முகக்கவசம், ஈரத் தாள், மூடியுள்ள டப்பா, தரவுத்தாளின் பிரதி எல்லாம் அடங்கிய ஒரு பெட்டி தராசு அறை வாசலிலேயே இருக்க வேண்டும், பூட்டாமல். யாருக்காவது பட்டுவிட்டால் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தரவுத்தாளோடு மருத்துவரிடம் அனுப்புவதும், அவர் சொல்லும் சோதனைக்குச் செலவழிப்பதும் நிறுவனத்தின் பொறுப்பு என்று எழுத்தில் தாருங்கள்.

அந்த ஆம்பூலைத் தேடுங்கள். தேடுவதற்கு என்னையோ ஒரு மாணவரையோ அனுப்பாதீர்கள். ஸ்டோரைப் பூட்டிவிட்டு, அபாயக் கழிவு அகற்றத் தகுதி பெற்றவர்களைக் கூப்பிடுங்கள். கிடைத்தால் யாரும் திறக்கவோ, வேறு பாட்டிலுக்கு மாற்றவோ வேண்டாம். கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள்.

கடைசியாக, மூன்று மாதத்துக்கு முந்தைய அந்த ஒரு வரி அறிக்கையைத் திருத்துங்கள். பொருளின் பெயர், சிந்திய அளவு, பெருக்கியவர் யார், அவருக்குக் கையுறை தரப்பட்டதா, பொதுக் குப்பைக்குப் போன பொடி என்ன ஆனது, எல்லாம் அதில் வர வேண்டும். அந்த அக்கா இப்போதும் மருத்துவரிடம் காட்டுவதற்கு அதில் ஒரு பிரதி கேட்கிறார். அடுத்த திங்கட்கிழமை காலை நான் உங்கள் அலுவலகத்துக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வக உதவியாளர்,
வேதியியல் துறை